முதல் காய்க்கு இங்கிலீஷ் கிடையாது

"ஃபைட்டோ" என்றேன் நான்.

"ஃபிட்டோ" என்றாள் ஜமீலா.

வீடியோ கால் வர இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. பேராவூரணியில் எங்கள் தேங்காய் மண்டியின் தகரக் கொட்டகைக்குக் கீழே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் இன்னொன்றைப் போட்டு, அதன் முதுகில் செல்போனைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தோம். போனுக்கு எதிரே குடுமி விட்டு உரித்த தேங்காய்க் குவியல். குவியலுக்குப் பக்கத்தில், சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வீரய்யன் அண்ணன். மண்டியில் முப்பது வருடமாகக் காய் எண்ணுகிறவர். அந்தச் சட்டையில் அவரை அதற்கு முன் அவர் மகள் கல்யாணத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

புயலில் எங்கள் மண்டிக் கூரை பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகையின் மேல் உட்கார்ந்துகொண்ட கதையைப் போன வாரம் சொன்னேன் அல்லவா? அதே கூரைதான் இது. திரும்பி வந்துவிட்டது. அதன் கீழேதான் இந்தச் சண்டை.

காய்க்கு நோய் நொடி எதுவும் இல்லை என்று அரசாங்கம் தருகிற சான்றிதழுக்கு ஒரு நீளமான ஆங்கிலப் பெயர் உண்டு. அந்தப் பெயரின் தலைப்பகுதியில்தான் எங்களுக்குள் தகராறு. என் கணவர் சேகர் பஞ்சாயத்துப் பண்ண வந்தார். "போனையே கேட்டுடலாமே" என்று கேட்டார். போன் "ஃபைட்டோ" என்றது. நான் ஜமீலாவை ஒரு பார்வை பார்த்தேன்.

"அது அமெரிக்காக்காரன் குரலு. அவன் எங்கடி தேங்காயைப் பாத்தான்?" என்றாள்.

அந்த வார்த்தையால் ஆகப்போவது ஒன்றும் இல்லை. ஆக வேண்டியது வேறு. ஓமன் நாட்டிலிருந்து ஹாமித் என்கிற வியாபாரி, எங்களிடம் முதல் கண்டெய்னர் தேங்காய் வாங்குவதா வேண்டாமா என்று அன்றைக்கு முடிவு செய்யப்போகிறார். வாங்கினால் ஜமீலா ஊரில் இருப்பாள். வாங்காவிட்டால் அடுத்த மாதம் ஷார்ஜாவுக்குப் போய்விடுவாள். "ஒரு தடவை பண்ணிப் பாரு, சரிவரலேன்னா கிளம்பி வந்துடு" என்று அவள் கணவர் ரஃபீக் அங்கிருந்து சொல்லியிருந்தார். நல்ல மனிதர். விசாகூட எடுத்து அனுப்பிவிட்டார், அந்த அளவுக்கு நல்ல மனிதர்.

ஜமீலாவுக்குப் போக இஷ்டமில்லை. அங்கே ஜன்னலைத் திறந்தால் இன்னொரு ஜன்னல்தான் தெரியும் என்பாள். எனக்கோ அவளை விட்டால் சண்டை போட இந்த ஊரில் வேறு ஆள் கிடையாது. அவள் போகக் கூடாது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அவளிடமும் சொல்லவில்லை.

கண்ணால் படித்தவளும் காதால் படித்தவளும்

நான் பிறந்தது திருத்துறைப்பூண்டிப் பக்கம். அஞ்சல் வழியில் ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்தவள். பெயர் தமிழரசி. இதை வைத்து யாராவது சிரிக்க ஆசைப்பட்டால் தாராளமாகச் சிரிக்கலாம், ஆனால் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

அஞ்சல் வழியில் படிக்கிற ஆங்கிலத்துக்குச் சத்தம் கிடையாது. தபாலில் புத்தகம் வரும். களத்தில் காயும் நெல்லுக்குக் காவல் இருந்தபடி, கோழியை விரட்டிக்கொண்டே படிப்பேன். ஒரு வார்த்தையை எப்படிச் சொல்வது என்று கேட்க ஆள் இல்லை. நானாக ஒரு ஒலியைக் கொடுத்து வைத்துக்கொள்வேன். இப்படிப் பல நூறு ஆங்கில வார்த்தைகளுக்கு எங்கள் வீட்டுக் களத்தில் வைத்து நானே பெயர் சூட்டியிருக்கிறேன்.

ஜமீலா அதிராம்பட்டினத்துக்காரி. ஷார்ஜாவில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் எட்டு வருடம் ரிசப்ஷனில் உட்கார்ந்தவள். ஒரு பக்கம் பிலிப்பைன்ஸ் நர்ஸ், ஒரு பக்கம் எகிப்து டாக்டர், நடுவில் மலையாளி மேனேஜர், எதிரே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பாகிஸ்தான் டிரைவர். இத்தனை பேர் பேசிய ஆங்கிலத்தையும் காதிலேயே வாங்கிக் கற்றுக்கொண்டவள். அதிலும் பாதிப் பேர் வாயில் பஞ்சு வைத்திருந்தவர்கள் என்பதை நான் அடிக்கடி அவளுக்கு ஞாபகப்படுத்துவேன்.

நாங்கள் அறிமுகமானதே சண்டையில்தான். புயலுக்குத் தப்பிய கொஞ்சம் மரங்களின் காயை அவள் வாப்பா எங்கள் மண்டிக்கு ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். நான் போனில் யாரிடமோ "வெட்னெஸ்டே வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வாப்பாவோடு நின்ற பெண் களுக்கென்று சிரித்தாள்.

"என்னங்க சிரிப்பு?"

"இல்லங்க, ஒரு எழுத்தக்கூட விடாம சொல்றீங்களே. எல்லா எழுத்துக்கும் கூலி கொடுத்து வச்சிருக்கீங்க போலருக்கு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க எப்படிச் சொல்லுவீங்களாம்?"

"வென்ஸ்டே."

"அப்ப நடுவுல இருக்குற டி என்னா பண்ணும்?"

"அது லீவுல இருக்கும்."

சேகர் டீ வாங்கிக்கொண்டு வருவதற்குள் வாங்க போங்க போய், வாடி போடி வந்துவிட்டது. அடுத்த வாரமே அவள் ஸ்கூட்டரில் தனியாக வந்தாள். "அங்க ஒரு தேங்காய் என்னா விலை தெரியுமா? நாம ஏன் நேரா அனுப்பக் கூடாது?" என்று ஆரம்பித்தாள். இப்படித்தான் எங்கள் ஏற்றுமதிக் கம்பெனி தொடங்கியது. கம்பெனிக்குப் பெயர் வைக்கவே ஒரு மாதம் ஆனது. "எக்ஸ்போர்ட்ஸ்" என்பதில் அழுத்தம் எங்கே வரும் என்று தீராமல், கடைசியில் அந்த வார்த்தையையே எடுத்துவிட்டோம்.

இரண்டே வார்த்தை

ஹாமித்துக்கு ஒரு பெட்டி மாதிரிக் காய் அனுப்பினோம். இரண்டு வாரம் கழித்து மெயிலில் பதில் வந்தது. இரண்டே வார்த்தை: குவைட் குட்.

நான் துள்ளிக் குதித்தேன். மிகவும் நன்று!

ஜமீலா முகம் சுருங்கிவிட்டது. "இல்லடி. எங்க டாக்டர் குவைட் குட்னு சொன்னார்னா அந்தப் பல்லு ஒரு வாரம் தாங்காதுன்னு அர்த்தம்."

அகராதியைத் திறந்தேன். "மிகவும்" என்றும் போட்டிருந்தது, "ஓரளவு" என்றும் போட்டிருந்தது. அகராதி எழுதினவர் நல்லா இருக்கட்டும். இரண்டு வீட்டிலும் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேருக்கும் சாட்சி சொல்கிற ஆளைப்போல் நின்றது அந்தப் பக்கம்.

சிங்கப்பூர்ச் சித்தப்பாவிடம் போனோம். சேகரின் சித்தப்பா. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் இருபது வருடம் கிரேன் ஓட்டிவிட்டு வந்து, மண்டியில் ஈஸி சேர் போட்டு உட்கார்ந்திருப்பவர். மெயிலைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "எங்க பாஸ் இப்படிச் சொன்னா, இந்தத் தடவை விட்டுடறேன், இனிமே இப்படிப் பண்ணாதேன்னு அர்த்தம்" என்றார்.

மிகவும் நன்று, ஒரு வாரம் தாங்காது, இனிமேல் பண்ணாதே. ஒரே மெயிலுக்கு மூன்று பொருள். இரண்டு நாள் இந்த மண்டியில் வேறு பேச்சே இல்லை. மட்டை உரிக்கிற ஆட்கள்கூடக் கட்சி பிரிந்துவிட்டார்கள். என் கட்சியில் ஐந்து பேர், ஜமீலா கட்சியில் நாலு பேர். சித்தப்பா கட்சியில் சித்தப்பா.

"ரெண்டு வார்த்தைக்கு ரெண்டு நாளா? அந்த ஆளையே கேட்டுட்டா என்ன?" என்றார் சேகர்.

"அது மரியாதையா இருக்காது!" என்று நானும் ஜமீலாவும் ஒரே குரலில் பாய்ந்தோம். அந்த மாதத்தில் நாங்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

மூன்றாம் நாள் ஹாமித்தே அடுத்த மெயில் அனுப்பினார். வேறு எங்கோ வாங்கிய சரக்கில் மூட்டைக்கு மூட்டை காய் குறைந்திருந்ததாம். அதனால் அவர் வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மூட்டையை எண்ணி நிரப்பிக் காட்ட வேண்டும், நாற்பது காய், எண்ணிக்கை அவருக்குப் புரிய வேண்டும். அது சரியாக இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு.

"புரியணும்னா இங்கிலீஷ்ல எண்ணணும்" என்றாள் ஜமீலா.

எல்லோரும் வீரய்யன் அண்ணனைப் பார்த்தோம். அவர் எழுந்து போகப் பார்த்தார்.

ஆறு நாள் பள்ளிக்கூடம்

வீரய்யன் அண்ணன் எண்ணிக்கையில் தப்பு வந்ததாகச் சரித்திரம் இல்லை. நூறு ஆனதும் அடையாளத்துக்கு ஒரு காயைத் தனியே உருட்டிவிடுவார். பக்கத்தில் இடி விழுந்தாலும் எண்ணிக்கை தப்பாது. ஆனால் எல்லாம் தமிழில்.

தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு டீ வந்ததும் வகுப்பு. நான், ஜமீலா, சித்தப்பா என மூன்று வாத்தியார்கள், ஒரே மாணவர். ஒன், டூ வரைக்கும் நிம்மதி. த்ரீயில் ஆரம்பித்தது வினை. நான் நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைக்கச் சொன்னேன். "டீ குடிக்கிற நேரத்துல நாக்கைக் கடிச்சுக்கச் சொல்றியா?" என்றாள் ஜமீலா. அவளுக்கு அது ட்ரீ. ஏழு என்பதை நான் செவன் என்றேன், அவள் செவென் என்றாள், சித்தப்பா செவ்வன் என்றார். பன்னிரண்டுக்கு மட்டும் ஒரு சாயங்காலம் முழுதும் போனது.

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "தங்கச்சி, மூணு பேரும் பேசி ஒரு ஏழுக்கு வாங்க. அப்பறமா எனக்குச் சொல்லிக் குடுங்க."

ஆறாம் நாள் அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்னிலிருந்து ஃபார்ட்டி வரை தட்டுத் தடங்கல் இல்லாமல் சொன்னார். அவர் சொன்ன உச்சரிப்பு எங்கள் மூன்று பேருடையதும் இல்லை. நாலாவதாக ஒன்று, கேட்க அழகாகவே இருந்தது. கைதட்டினோம். மட்டை உரிக்கிறவர்கள் விசில் அடித்தார்கள்.

ஆறு நாளும் அவர் கையில் இருந்தது டீ டம்ளர். தேங்காய் இல்லை. இதை எங்களில் ஒருவருக்கும் கவனிக்கத் தோன்றவில்லை.

காய் கைக்கு வந்ததும்

போன் அடித்தது. ஹாமித் வந்தார். வெள்ளை அங்கி, தலையில் பூவேலை செய்த தொப்பி, மூக்குக் கண்ணாடி. சிரிப்பு இல்லை. ஜமீலா சலாம் சொன்னாள், பதில் சலாம் சொன்னார். முதல் கேள்வியே சான்றிதழைப் பற்றித்தான். "ஃபீட்டோ" என்றார்.

நானும் ஜமீலாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு வந்த சிரிப்பை அடக்கியதில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

பிறகு எண்ணச் சொன்னார். வீரய்யன் அண்ணன் போனைப் பார்த்துக் கும்பிட்டார். முதல் காயை எடுத்தார். வழக்கம்போல விரலால் ஒரு சுண்டு சுண்டிச் சத்தம் பார்த்தார். மூட்டையில் போட்டார்.

"லாபம்" என்றார். "டூ. த்ரீ. ஃபோர்."

நானும் ஜமீலாவும் ஒரே நேரத்தில் அண்ணன் பக்கம் திரும்பினோம்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். களத்தில் நெல் அளந்தாலும் மண்டியில் காய் எண்ணினாலும் முதலாவதை ஒன்று என்று சொல்கிற வழக்கம் இல்லை. லாபம் என்போம். அதற்கப்புறம் இரண்டு, மூன்று. திருத்துறைப்பூண்டியில் எங்கள் அப்பா மரக்காலை நெல்லில் குத்தி எடுத்து முதல் தடவை லாபம் என்று சொல்லும்போது, சுற்றி நிற்கிற அத்தனை பேரும் ஒரு நொடி பேச்சை நிறுத்துவார்கள். ஒருமுறை கைக்குழந்தையாக இருந்த என் தங்கைகூட அழுகையை நிறுத்தினாள் என்று சொல்வார்கள். இதை நான் நம்புவதில்லை, ஆனால் எல்லோரிடமும் சொல்வேன்.

ஹாமித் கையை உயர்த்தினார். முதல் காய்க்கு என்ன சொன்னார்? ஒன் எங்கே? மறுபடி ஆரம்பிக்கட்டும் என்றார்.

மூட்டையைக் கவிழ்த்தோம். "அண்ணே, ஒன்னுண்ணே, ஒன்னு!" என்று சேகர் கெஞ்சினார். அண்ணன் தலையாட்டினார். காயை எடுத்தார், சுண்டினார், போட்டார்.

"லாபம்."

ஹாமித் கண்ணாடியைக் கழற்றினார். ஏற்கெனவே காய் குறைந்து ஏமாந்த மனிதர். முதல் காயைக் கணக்கில் சேர்க்காமல் ஏதோ தந்திரம் பண்ணுகிறார்கள் என்று நினைக்கிறார் என்பது அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது.

"அண்ணே!" என்று நான் கத்திவிட்டேன்.

வீரய்யன் அண்ணன் கையிலிருந்த காயைக் குவியலில் வைத்தார். "கோவிச்சுக்காதீங்க தங்கச்சி. வெறுங்கையோட சொல்லச் சொல்லுங்க, நூறு தடவ ஒன்னு சொல்றேன். காயைக் கையில வச்சுக்கிட்டு மொத காயை ஒன்னுன்னு சொல்ல எனக்கு வாய் வராது. ரெண்டு பொண்ணுங்க மொதமொதலா பண்ற யாவாரம் இது. நான் எப்படி ஒன்னும்பேன்?"

அவர் சொன்னதை ஹாமித்துக்கு விளக்க வேண்டும். எம்.ஏ. ஆங்கிலம் முன்னால் பாய்ந்தது. லாபம் என்றால் ப்ராஃபிட், முதல் காய் எப்போதும் எங்களுக்கு ப்ராஃபிட் என்றேன் ஆங்கிலத்தில்.

"நோ! நோ ப்ராஃபிட்!" என்று ஜமீலா அலறினாள். என் பக்கம் திரும்பி, "அறிவிருக்கா ஒனக்கு? மூட்டைக்கு ஒரு காய் நாம எடுத்துக்குறோம்னு சொல்ற மாதிரி இருக்குடி!"

"அப்ப நீ சொல்லு. கெய்ன்!"

"அது ஒடம்பு பெருக்குறதுக்குச் சொல்றது."

"லக்!"

"லாட்டரியா நடத்துறோம்?" என்றாள். போனைப் பார்த்து "குட் ஸ்டார்ட்" என்றாள்.

"அது கார் வண்டிக்குச் சொல்றது" என்றேன் நான்.

"ஓப்பனிங் செரிமனி" என்றார் ஈஸி சேரிலிருந்து சித்தப்பா.

மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு மனிதர் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, தமிழும் ஆங்கிலமும் கலந்து இரண்டு பெண்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை போனை அணைக்க நகர்ந்தது. எனக்குத் தெரிந்தது. ஜமீலாவுக்கும் தெரிந்தது. அவள் குரல் உடைந்துவிட்டது.

"எந்த இங்கிலீஷும் இதுக்கு ஆவாதுடி. எங்க உம்மா அரிசி அளக்கயில மொத படிக்குப் பரக்கத்துன்னு சொல்லுவாங்களே, அதுதானே இது! அதை எப்படிடி நான் அவருக்குச் சொல்லுவேன்?"

ஹாமித்தின் கை நின்றது.

"பரக்கா?" என்றார். உம்மாவின் பரக்கத்து அவருடைய அரபிச் சொல்தான்; ஆண்டவன் தருகிற பெருக்கம்.

ஜமீலா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "யெஸ். பரக்கா. ஃபர்ஸ்ட் ஒன், பரக்கா."

அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். எங்களைப் பார்க்கவில்லை, வீரய்யன் அண்ணனைத்தான் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். அவருடைய அப்பா பேரீச்சந்தோட்டக்காரராம். கூடை கூடையாகப் பழம் அளக்கும்போது அவரும் ஒரு நாளும் ஒன்று என்று சொன்னதில்லையாம். முதல் கூடைக்குப் பரக்கா, அப்புறம்தான் இரண்டு. அப்பா போன பிறகு இவர் வீட்டில் எல்லாம் மெஷின் எண்ணுகிறதாம். மெஷின் ஒன்றிலிருந்துதான் ஆரம்பிக்கிறதாம்.

"டெல் ஹிம், ஸ்டார்ட்" என்றார்.

வீரய்யன் அண்ணனுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. காயை எடுத்தார், சுண்டினார்.

"லாபம்" என்றார் இவர்.

"பரக்கா" என்றார் அவர்.

அதன்பின் இரண்டு பேரும் சேர்ந்தே எண்ணினார்கள். அவர் செவன் ஒரு மாதிரி, இவர் செவன் ஒரு மாதிரி. நாற்பதில் இருவரும் ஒன்றாக நின்றார்கள். ஹாமித் சிரித்தார். "ஐ வில் ரிவர்ட் ஷார்ட்லி" என்று சொல்லிப் போனை வைத்தார்.

விசிறி

போன் அணைந்த மறு நிமிடமே, "ரிவர்ட்னா பழையபடி ஆகுறது. பழைய வியாபாரிகிட்டயே போறேன்னு சொல்றாரு" என்றேன். அவ்வளவு பயம் எனக்கு.

"பதில் போடுறேன்னு சொல்றாருடி. ஷார்ஜாவுல எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"ஷார்ட்லின்னா எவ்வளவு நேரம்?"

"அது அவங்கவங்க ஊரைப் பொறுத்தது" என்றார் சித்தப்பா.

வெயில் தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. ஜமீலா கைப்பையைத் திறந்து கைக்கு அகப்பட்டதை எடுத்து விசிறிக்கொண்டாள். அது அவளுடைய பாஸ்போர்ட். பார்த்ததும் என்னால் முடியவில்லை.

"நீ போகாதடி" என்றேன்.

அவள் விசிறுவதை நிறுத்தினாள். "போனா யாருடி ஒனக்கு வென்ஸ்டே சொல்லிக் குடுப்பா?" என்று சொல்லிவிட்டு, என் பக்கமும் இரண்டு விசிறு விசிறினாள். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம், சிரித்தோம். எது முதலில் என்று இன்றுவரை எங்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு.

மூன்றாம் நாள் காலை மெயில் வந்தது. இந்தத் தடவை ஒரே வார்த்தை. ப்ரொசீட். ஜமீலா அதை ப்ரசீட் என்றாள். போகட்டும் என்று விட்டுவிட்டேன், பொருளில் சண்டை இல்லையே. ரஃபீக் போன் செய்து, "அப்ப விசா?" என்று கேட்டார். "குவைட் குட்" என்றாள் ஜமீலா. அவர் எந்தப் பொருளில் எடுத்துக்கொண்டாரோ தெரியாது, அடுத்த பெருநாளுக்கு அவரே ஊருக்கு வந்து சேர்ந்தார். ஜமீலாவின் பாஸ்போர்ட் எங்கள் மண்டி மேஜையின் டிராயரில்தான் இருந்தது. சித்திரை வெயிலுக்கு மட்டும் வெளியே வரும்.

கண்டெய்னர் லாரி வந்தது ஒரு புதன்கிழமை. அந்தக் கிழமையின் பெயரை அன்றைக்கு நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வீரய்யன் அண்ணன் அதே வெள்ளைச் சட்டையில் வந்தார். ஹாமித் பார்க்க வேண்டும் என்று மறுபடி போனை நாற்காலியில் கட்டினோம். அண்ணன் முதல் காயைச் சுண்டிப் பார்த்துவிட்டு ஜமீலா கையில் கொடுத்தார். "மொத காயை நீங்க போடுங்க தங்கச்சி."

ஜமீலா அதை மூட்டையில் மெல்ல வைத்தாள். "லாபம்" என்றாள். அந்தச் சத்தத்துக்கு மட்டை உரிக்கிற கைகள் எல்லாம் நின்றன.

"டூ" என்று நான் அடுத்த காயை வைத்தேன்.

அவள் மூன்றாவதை எடுத்தாள். "ட்ரீ."

"த்ரீ."

"ட்ரீடி."

"நாக்கைப் பல்லுக்கு நடுவுல வையி."

வீரய்யன் அண்ணன் மூட்டையைப் பிடுங்கி, மூன்று காயையும் கீழே கொட்டினார். "லாரி நிக்கிது தங்கச்சி. மொதல்லேருந்து வாங்க."

அன்றைக்கு எங்கள் முதல் மூட்டைக்கு மட்டும் நாங்கள் மூன்று தடவை லாபம் சொன்னோம்.